கடற்கரை விடுமுறையில் குழந்தைகளுக்கு வரும் தோல் தடிப்புகள்: கண்டறியவும் கையாளவும் ஒரு முழுமையான வழிகாட்டி

கடற்கரைக்குச் சென்ற குழந்தையின் உடலில் தடிப்பு தோன்றுவது அரிதான நிகழ்வு அல்ல. வெயில், உப்பு நீர், மணல், வியர்வை, ஈர உடை, பூச்சிகள், புதிதாகப் பூசிய சன்ஸ்கிரீன் என ஒரே நாளில் எத்தனையோ பொருள்கள் அந்த மெல்லிய தோலைத் தொடுகின்றன. அவற்றுள் எது காரணம் என்பதுதான் பெற்றோருக்கு விளங்காமல் போகிறது. பெரும்பாலான தடிப்புகள் ஆபத்தற்றவை. சில நாள்களில் தாமாகவே அடங்கிவிடும். ஆனால் வேர்க்குரு, கடல் உயிரிகளால் வரும் அரிப்பு, ஒவ்வாமை ஆகிய மூன்றும் முதல் பார்வைக்குச் சிறு சிவந்த பருக்களாகவே தெரியும் என்பதால், தோற்றத்தை மட்டும் வைத்து முடிவு செய்தால் தவறிவிட வாய்ப்பு அதிகம். தடிப்பு உடலின் எந்தப் பகுதியில் உள்ளது, எத்தனை மணி நேரம் கழித்துத் தோன்றியது ஆகிய இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்தால், பெரும்பாலான நேரங்களில் காரணம் அங்கேயே பிடிபட்டுவிடும். கீழே உள்ள படிகள் அந்த இரண்டு கேள்விகளைச் சுற்றியே அமைந்துள்ளன.

முதல் படி: தோலுக்கு முன் குழந்தையைப் பாருங்கள்

தடிப்பு எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைவிடக் குழந்தை எப்படி இருக்கிறது என்பதே முதலில் முக்கியம். உடல் முழுவதும் சிவந்திருந்தாலும் விளையாடிக்கொண்டு, தண்ணீர் குடித்துக்கொண்டு இருக்கும் குழந்தையைப் பற்றி நிதானமாக யோசிக்க நேரம் இருக்கிறது. கையளவு தடிப்போடு துவண்டு கிடக்கும் குழந்தைக்கு அந்த நேரம் இல்லை.

உதடு, நாக்கு அல்லது கண் இமைகள் வீங்குவது, குரல் கரகரப்பது, மூச்சு இழுப்பது, திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பது, முகம் வெளிறி மயங்குவது ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தடிப்போடு சேர்ந்து வந்தால் அது தீவிர ஒவ்வாமையாக இருக்கக்கூடும். குழந்தைக்கென்று மருத்துவர் கொடுத்த அட்ரினலின் ஊசி கையில் இருந்தால் உடனே தொடையின் வெளிப்பக்கத்தில் போட்டுவிட்டு ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். குழந்தையைப் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்தி வைக்கலாம். மூச்சுத் திணறல் இருந்தால் உட்கார வைக்கலாம். எழுந்து நிற்கவோ நடக்கவோ விடக்கூடாது. ஒவ்வாமை மாத்திரையைக் கொடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று காத்திருப்பது இந்த நிலையில் சரியான முடிவு அல்ல.

காய்ச்சலுடன் வரும் தடிப்புக்கு இன்னொரு சோதனை உண்டு. தெளிவான கண்ணாடித் தம்ளரின் பக்கவாட்டைத் தடிப்பின் மேல் அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தத்தில் நிறம் மறைந்தால் ஓரளவு நிம்மதி அடையலாம். சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் அழுத்தியும் மறையாமல் தெரிந்தால், மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் போன்ற கிருமிகள் இரத்தத்தில் பரவியிருக்கலாம் என்பதால், நேரத்தைக் கடத்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கருமையான தோலில் இந்தப் புள்ளிகள் எளிதில் புலப்படா. உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையின் உட்புறம், வாயின் மேலண்ணம் ஆகிய இடங்களைப் பார்க்க வேண்டும். அழுத்தினால் மறைகிறது என்பதற்காக, மிகவும் சோர்ந்திருக்கும் குழந்தையை விட்டுவிடவும் கூடாது.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால், தடிப்பு எப்படி இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இரண்டாம் படி: உடையைக் கழற்றி, சரியான வரிசையில் கழுவுங்கள்

அவசர அறிகுறிகள் எதுவும் இல்லையென்றால் அடுத்த வேலை கழுவுவது. இதில் வரிசை முக்கியம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கடலிலிருந்து வந்த குழந்தையை நீச்சல் உடையோடு அப்படியே குழாய்த் தண்ணீரில் நிறுத்துவதுதான் வழக்கம். ஆனால் உடையின் இழைகளில் ஜெல்லிமீன் போன்ற உயிரிகளின் கண்ணுக்குத் தெரியாத இளவுயிரிகள் சிக்கியிருந்தால், நன்னீர் பட்டதும் அவற்றின் கொட்டும் அணுக்கள் வெடித்து நஞ்சைத் தோலுக்குள் செலுத்தும். அழுத்தித் துடைப்பதும், ஈர உடை உடம்பிலேயே காய்வதும் அதே விளைவைத் தரும். ஆகவே முதலில் உடை முழுவதையும் கழற்ற வேண்டும்; பிறகுதான் நன்னீரில் குளிக்க வைக்க வேண்டும்.

ஜெல்லிமீன் கொட்டியிருப்பது உறுதியாகத் தெரிந்தால் நன்னீரே கூடாது. கடல் நீரை ஊற்றிக் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுக்க வேண்டும். மணலைப் போட்டுத் தேய்ப்பதும் சிறுநீரை ஊற்றுவதும் காலங்காலமாகச் சொல்லப்படும் வைத்தியங்கள். இரண்டும் நிலைமையை மோசமாக்கவே செய்யும்.

மணல் ஒட்டியிருந்தால் துண்டால் தேய்த்து எடுக்காமல் நீர் ஊற்றி வழியவிட வேண்டும். தொடையிடுக்கு, கழுத்து மடிப்பு, கால்விரல் இடுக்கு, டயப்பருக்குள் என மணல் தங்கும் இடங்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பிறகு மென்மையாக ஒற்றித் துடைத்து, தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே மணமில்லாத மாய்ஸ்சரைசரைப் பூசலாம். தோல் வறண்டு அரிக்கும் எக்ஸிமா உள்ள குழந்தைகளுக்கு இது தவிர்க்கக் கூடாத வேலை. அவர்களுள் சிலருக்குக் கடல் நீர் இதமாக இருக்கும், சிலருக்கு எரியும். ஆனால் உப்பு காய்ந்து தோலிலேயே தங்குவது யாருக்கும் நல்லதல்ல.

மூன்றாம் படி: இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்

எந்தக் களிம்பையும் பூசுவதற்கு முன்பாக, நல்ல வெளிச்சத்தில் தடிப்பைப் புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கலமைன் பூசிய தோலைப் பார்த்து எந்த மருத்துவராலும் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. அதோடு நான்கு விவரங்களை எழுதிக்கொள்வது நல்லது: கடைசியாக எப்போது நீரில் இறங்கியது, அது கடலா, கழிமுகமா, விடுதியின் குளமா, தடிப்பை முதலில் கவனித்தது எப்போது, அன்று புதிதாக எதைப் பூசினீர்கள் அல்லது உண்ணக் கொடுத்தீர்கள்.

பிறகு நீச்சல் உடையின் எல்லையை மனத்தில் வரைந்து பாருங்கள். தடிப்பு அந்த எல்லைக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? என் அனுபவத்தில், வேறு எந்த ஒரு கேள்வியும் இவ்வளவு உதவுவதில்லை.

கருமையான அல்லது மாநிறத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பெரும்பாலான மருத்துவப் படங்கள் வெளிர்ந்த தோலையே காட்டுவதால், நம் குழந்தைகளின் தோலில் அதே நிறத்தைத் தேடி ஏமாறுகிறோம். கருஞ்சிவப்பு, ஊதா, சாம்பல் கலந்த கருமை ஆகிய நிற மாற்றங்களையும், கையால் தடவும்போது தெரியும் சூட்டையும் சொரசொரப்பையும் கவனிப்பதே பயனுள்ள வழி.

நான்காம் படி: காரணத்தைக் கண்டறியுங்கள்

*நீச்சல் உடைக்கு உள்ளே இருக்கும் தடிப்பு*

கடலில் குளித்த சில மணி நேரத்துக்குள், உடை மூடியிருந்த இடங்களில் மட்டும் கடும் அரிப்புடன் சிறு சிவந்த பருக்கள் தோன்றினால், அது பெரும்பாலும் கடல்குளியல் தடிப்பு. மேலே சொன்ன இளவுயிரிகளே இதற்குக் காரணம். கரீபியன் கடலிலும் ஃபுளோரிடா கரையிலும் விரல்நுனி அளவே வளரும் ஒருவகை ஜெல்லிமீனின் இளவுயிரிகள் இதை உண்டாக்குகின்றன. வேறு சில கடல்களில் கடற்சாமந்தியின் இளவுயிரிகளும் உண்டாக்கும். உடையின் விளிம்பு, இடுப்பு எலாஸ்டிக், அக்குள் என அழுத்தமும் உராய்வும் உள்ள இடங்களில் பருக்கள் நெருக்கமாக இருக்கும். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்குக் காய்ச்சல், தலைவலி, குமட்டல் ஆகியவை சேர்ந்து வர வாய்ப்பு அதிகம். ஒன்று முதல் இரண்டு வாரங்களில் தானாகக் குறையும். அந்த உடையைச் சரியாகத் துவைக்காமல் மீண்டும் போட்டால், கடல் பக்கமே போகாமலும் தடிப்பு திரும்ப வரக்கூடும். காய்ந்த உடையிலும் அந்தக் கொட்டும் அணுக்கள் செயலிழப்பதில்லை. வெந்நீரும் சோப்புத் தூளும் போட்டுத் துவைத்து, முடிந்தால் சூடான காற்றில் உலர்த்த வேண்டும்.

உடைக்குள் வரும் மற்றொன்று வேர்க்குரு. வியர்வை நாளங்கள் அடைபட்டு, வியர்வை தோலுக்குள்ளேயே கசிவதால் இது உண்டாகிறது. கைக்குழந்தைகளின் நாளங்கள் முழு வளர்ச்சி அடையாதவை என்பதால் அவர்களுக்கு எளிதில் வரும். கழுத்து மடிப்பு, மார்பு, முதுகு, டயப்பரின் மேல்விளிம்பு ஆகியவை இதன் வழக்கமான இடங்கள்; அரிப்பதைவிடக் குத்துவது போன்ற உணர்வே அதிகம். நீரில் இறங்காத குழந்தைக்கும் வரும் என்பதும், குளிர்ந்த அறைக்குள் சென்றதும் மட்டுப்படும் என்பதும் இதை அடையாளம் காட்டும். சிகிச்சை எளிது: உடலைக் குளிரவைத்து, தளர்வான பருத்தி உடை போட்டால் இரண்டு மூன்று நாளில் அடங்கும். எண்ணெயும் கெட்டியான களிம்பும் நாளங்களை மேலும் அடைத்துவிடும்.

விடுதியின் வெந்நீர்த் தொட்டியிலோ சரியாகப் பராமரிக்கப்படாத குளத்திலோ குளித்தபின், ஒன்றிரண்டு நாள் கழித்து மயிர்க்கால்களைச் சுற்றிச் சீழ் கோத்த பருக்கள் வந்தால், அது சூடோமோனாஸ் என்ற நுண்ணுயிரியின் வேலை. இதுவும் உடை மூடிய இடத்தில்தான் அதிகமாகத் தெரியும். பெரும்பாலும் தானாக ஆறும். மணலும் உப்பும் ஈர உடையும் சேர்ந்து தொடையிடுக்கில் உண்டாக்கும் உராய்வுப் புண்ணுக்கு விளக்கம் தேவையில்லை. துத்தநாகக் களிம்பும் உலர்ந்த உடையும் போதும்.

*வெயில் பட்ட இடங்களில் வரும் தடிப்பு*

வெயில் புண் இவற்றுள் மிகவும் பொதுவானது. அதிகம் தவறவிடப்படுவதும் இதுவே. காரணம் அதன் தாமதம். சிவப்பு மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்தே தெரியத் தொடங்கி, 12 முதல் 24 மணி நேரத்தில் உச்சத்தை அடைகிறது. குழந்தை சிவக்கவில்லையே என்று மாலை வரை விளையாட விட்டவர்களுக்கு அன்றிரவுதான் விடை கிடைக்கும். மேகமூட்டமும் காப்பாற்றாது; புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதி மெல்லிய மேகத்தைக் கடந்து வரும். உலர்ந்த மணல் சுமார் 15 சதவீதமும் கடல் நுரை சுமார் 25 சதவீதமும் கதிர்களைத் திருப்பி அனுப்புகின்றன என்று உலகச் சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. நீருக்குள் அரை மீட்டர் ஆழத்திலும் மேற்பரப்பில் உள்ளதில் 40 சதவீதக் கதிர்கள் எட்டுகின்றன. குடைநிழலில் இருந்த குழந்தைக்கு எப்படி வந்தது என்ற கேள்விக்கு இவையே பதில்.

உடனடியாக வெயிலிலிருந்து விலக்கி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் போட்டு, மாய்ஸ்சரைசர் பூசி, வழக்கத்தைவிட அதிகமாக நீர் குடிக்கச் செய்ய வேண்டும். பனிக்கட்டியை நேரடியாக வைக்கக் கூடாது. கொப்புளங்களை உடைக்கக் கூடாது. வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம். அளவை வயதைவிட எடையை வைத்துக் கணக்கிடுவதே சரி: கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் நான்கு முறைக்கு மேல் இல்லாமல். ஆறு மாதத்துக்கு உட்பட்டவர்களுக்கும் உடலில் நீர் வற்றியிருப்பவர்களுக்கும் ஐபுபுரூஃபென் வேண்டாம். எந்தக் குழந்தைக்கும் ஆஸ்பிரின் கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய்க்குறி வரும் அபாயம் உண்டு. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வெயில் புண் வந்தாலும், எந்த வயதிலும் கொப்புளத்தோடு காய்ச்சல், நடுக்கம், வாந்தி சேர்ந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடும் சூட்டோடு குழந்தை உளறினாலோ குழம்பினாலோ அது வெப்பத்தாக்கு. தோலைப் பற்றிய கவலையை ஒதுக்கிவிட்டு உடலைக் குளிர்வித்துக்கொண்டே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

வெயிலில் எரிச்சல் அதிகமின்றி, அரிப்போடு சிறு பருக்களாக வருவது வெயில் ஒவ்வாமை. விடுமுறையின் முதல் வெயிலுக்குச் சில மணி நேரம் முதல் ஓரிரு நாள் கழித்துக் கைகளிலும் மார்பின் மேற்பகுதியிலும் தோன்றும். குழந்தைகளுக்கு முகத்திலும் வரும். ஆண்டுதோறும் திரும்புவது இதன் இயல்பு. காது மடல்கள் சற்றுத் துருத்தியிருக்கும் சிறுவர்களுக்குக் காதின் மேல்விளிம்பில் மட்டும் கொப்புளங்கள் வருவதும் இதன் ஒரு வகை. விளிம்பு அகன்ற தொப்பியே அதற்குச் சிறந்த மருந்து.

உடை மூடாத கால்களிலும் கைகளிலும் மட்டும், நீரைவிட்டு வந்த சிறிது நேரத்திலேயே குறுகுறுப்பு தொடங்கிப் பருக்களானால், நீந்துவோர் அரிப்பை நினைக்கலாம். பறவைகளிலும் நத்தைகளிலும் வாழும் ஒட்டுண்ணியின் இளவுயிரி தவறுதலாக மனிதத் தோலுக்குள் நுழைந்து அங்கேயே இறந்துபோவதால் வருவது இது. ஏரிகளில்தான் அதிகம் என்றாலும், கழிமுகங்களிலும் ஆழமற்ற காயல்களிலும் உண்டு. நீரைவிட்டு வந்ததும் உடனே துடைத்துவிடுவது ஓரளவு காக்கும். கடல்குளியல் தடிப்பு உடைக்கு உள்ளே, நீந்துவோர் அரிப்பு உடைக்கு வெளியே என்ற வேறுபாடு, அறைக்குத் திரும்பிய ஐந்தாவது நிமிடத்திலேயே இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும்.

*கோடுகளாகவும் விசித்திர வடிவங்களிலும் வருபவை*

நீரில் இருக்கும்போதே குழந்தை அலறி, அடித்த சாட்டையின் தடம் போலக் கோடுகள் எழுந்தால் அது ஜெல்லிமீன். முதலுதவி இனத்தைப் பொறுத்து மாறும் என்பதால் உயிர்காப்பாளரிடம் கேட்பதே நல்லது. ஆஸ்திரேலியாவின் வெப்பமண்டலக் கரைகளில் உயிருக்கே ஆபத்தான பெட்டி ஜெல்லிமீனின் கொட்டுக்கு வினிகரைக் குறைந்தது 30 விநாடி ஊற்றச் சொல்கிறார்கள். அதே நாட்டில் புளூபாட்டில் என்ற, ஜெல்லிமீன் போன்ற நீல நிற உயிரியின் கொட்டுக்கு வினிகரைத் தவிர்த்து, சுமார் 45 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைக்கச் சொல்கிறார்கள். அந்தச் சூட்டைப் பெரியவர் ஒருவர் முதலில் தம் கையில் பரிசோதிக்க வேண்டும். கொட்டுக்கு வைத்தியம் பார்க்கப்போய்க் குழந்தையைச் சுட்டுவிடக் கூடாது. கொட்டிய பரப்பு பெரிதாக இருந்தாலும், முகத்தில் பட்டிருந்தாலும், மூச்சில் மாற்றம் தெரிந்தாலும் மருத்துவமனைதான்.

எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தாலும் புண் வரும். எலுமிச்சை வகைகளிலும் வேறு சில தாவரங்களிலும் உள்ள ஃபியூரோகூமரின் என்ற பொருள் புற ஊதாக் கதிரோடு சேர்ந்து தோலைச் சுடுகிறது. ஒரு நாள் கழித்துச் சிவந்து, இரண்டு மூன்று நாளில் கொப்புளமாகி, பிறகு வாரக்கணக்கில் பழுப்புத் தழும்பாக நிற்கும். சாறு வழிந்த தடமாகவோ, சாறு பட்ட கையோடு பெற்றோர் தூக்கிய விரல் அச்சாகவோ தோலில் பதிந்திருப்பதால், யாரோ குழந்தையை அடித்துவிட்டதாகச் சந்தேகம் எழுந்த நிகழ்வுகளும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

கடற்கரைகளில் தோலில் வரைந்துவிடும் கருநிறத் தற்காலிகப் பச்சை (டாட்டூ) மற்றொரு காரணம். இயற்கை மருதாணி செம்பழுப்பு நிறம் தரும். சில நிமிடங்களிலேயே கரிய நிறம் பிடிக்க வேண்டும் என்பதற்காக, முடிச்சாயத்தில் பயன்படும் பாரா-ஃபினிலீன்டையமின் கலக்கப்படுகிறது. இதைத் தோலில் நேரடியாகப் பூச அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் அனுமதி இல்லை. சில நாள் கழித்து வரைந்த வடிவத்திலேயே கொப்புளங்கள் எழும், வடு தங்கலாம், அந்த வேதிப்பொருளுக்கு ஒவ்வாமை வாழ்நாள் முழுவதும் நீடித்து, பின்னாளில் முடிக்குச் சாயம் பூசும்போது கடுமையாகத் தாக்கலாம். குழந்தைகளுக்கு இதை எந்தச் சூழலிலும் போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

*பாதத்திலும் பிட்டத்திலும் வருபவை*

வெப்பமண்டல மணலில் வெறுங்காலோடு நடந்த, அல்லது உடையின்றி உட்கார்ந்த குழந்தைக்கு, நாள்கள் கழித்து வளைந்து நெளியும் மேடான கோடு ஒன்று தோன்றி, தினமும் சில மில்லிமீட்டர் முதல் ஓரிரு சென்டிமீட்டர் வரை நீண்டுகொண்டே போனால், அது நாய், பூனைகளின் கழிவிலிருந்து மணலுக்கு வந்த கொக்கிப்புழுவின் இளவுயிரி. மனித உடலில் அதனால் வளர முடியாது. தோலுக்குள்ளேயே அலைந்து இறுதியில் இறக்கும். ஆனால் இரவில் தூங்கவிடாத அரிப்பைத் தரும் என்பதால், அதுவாகப் போகட்டும் என்று விடுவதைவிட மருத்துவர் தரும் ஐவர்மெக்டின் அல்லது அல்பெண்டசோல் சிகிச்சையே நல்லது. கோட்டின் முனையைக் கீறிப் புழுவை எடுக்க முயல்வது வீண். தெரியும் கோட்டைத் தாண்டி அது வேறிடத்தில் இருக்கும்.

கணுக்காலைச் சுற்றிக் கூட்டமாக உள்ள, நடுவில் சிறு புள்ளி தெரியும் பருக்கள் மணல் ஈக்களின் கடியாக இருக்கும்.

*உடலெங்கும் இடம் மாறும் தடிப்பு*

ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் எழும், வெளிறிய நடுப்பகுதி கொண்ட வீக்கங்கள் காணாக்கடி எனப்படுபவை. ஒவ்வொரு வீக்கமும் 24 மணி நேரத்துக்குள் மறையும். உணவு, மருந்து, கொட்டு, வைரஸ் எனக் காரணங்கள் பல. அவற்றுள் பெற்றோர் அறிந்திருக்க வேண்டியது குளிரால் வரும் வகை: குளிர்ந்த நீரிலிருந்து வெளியே வந்து தோல் மீண்டும் சூடாகும்போது வீக்கங்கள் எழும். முழு உடலும் குளிர்ந்த நீரில் மூழ்கும்போது இந்தக் குழந்தைகள் நீருக்குள்ளேயே மயங்கிவிடக்கூடும். சந்தேகம் வந்தால் மருத்துவர் பார்க்கும்வரை நீச்சலை நிறுத்திவிட வேண்டும்.

கை, கால், வாய் நோய், சின்னம்மை, தட்டம்மை ஆகியவை விடுமுறை என்று பார்ப்பதில்லை. காய்ச்சலும் சளியும் முன்னால் வந்து தடிப்பு பின்னால் வந்திருந்தால், கடலைக் குறைசொல்லாமல் இவற்றை நினைக்க வேண்டும். மற்றக் குழந்தைகளிடமிருந்து விலக்கியும் வைக்க வேண்டும்.

ஐந்தாம் படி: அரிப்பை அடக்குங்கள்

காரணம் எதுவானாலும், சொறிவதைத் தடுப்பதே பாதி சிகிச்சை. நகங்களை ஒட்ட வெட்டி, குளிர்ந்த ஈரத்துணியை அவ்வப்போது வைத்து, கலமைன் பூசினால் லேசான அரிப்பு அடங்கும். கடல்குளியல் தடிப்பு, பூச்சிக்கடி, நீந்துவோர் அரிப்பு ஆகியவற்றுக்கு 1 சதவீத ஹைட்ரோகார்டிசோன் களிம்பை மெல்லியதாக, மருந்தாளரிடமோ மருத்துவரிடமோ கேட்டுக்கொண்டு, சில நாள்கள் மட்டும் பூசலாம். முகத்திலும் டயப்பர் பகுதியிலும் கேட்காமல் பூச வேண்டாம். செடிரிசின் போன்ற ஒவ்வாமை மருந்துகளின் அளவு வயதுக்கேற்ப மாறும். கடைகளில் எளிதாகக் கிடைக்கும், ஸ்டீராய்டும் நுண்ணுயிர்க்கொல்லியும் பூஞ்சைக்கொல்லியும் ஒன்றாகக் கலந்த களிம்புகளைத் தொடாதீர்கள். அவை எல்லாத் தடிப்பையும் ஓரிரு நாள் மறைத்து, காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாதபடி செய்துவிடும்.

சொறிந்த இடத்தில் தேன் நிறப் பொருக்கு உண்டானால் அது பாக்டீரியாத் தொற்று. எளிதில் பரவும், நுண்ணுயிர்க்கொல்லி தேவைப்படும். சிவப்பு வேகமாகப் படர்ந்தாலும், வலி கண்ணுக்குத் தெரியும் புண்ணுக்குப் பொருந்தாத அளவில் கடுமையாக இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வெதுவெதுப்பான கடல் நீரில் நனைந்த வெட்டுக்காயம் இருந்தால் அதையும் அவரிடம் சொல்ல வேண்டும். அங்கு வாழும் விப்ரியோ வகைக் கிருமிகளுக்கு வேறு மருந்து தேவைப்படலாம்.

ஆறாம் படி: மீதி நாள்களைத் திட்டமிடுங்கள்

மீண்டும் கடலில் இறங்கலாமா என்பதற்கு ஒரே விடை இல்லை. வேர்க்குரு உள்ள குழந்தை தாராளமாக இறங்கலாம். வெயில் புண் உள்ள குழந்தை முழுக்க மூடிய உடையோடு, வெயில் தாழ்ந்தபின் மட்டும் விளையாடலாம். கடல்குளியல் தடிப்பு வந்த கரையில் சில நாள்கள் இறங்காதிருப்பதே நல்லது. பொருக்குள்ள புண் இருந்தால் குளம் உட்பட எந்த நீரும் வேண்டாம்.

சன்ஸ்கிரீன் விஷயத்தில் அளவுதான் பலரும் கோட்டை விடும் இடம். வெயில் காப்பின் அளவைக் காட்டும் எஸ்.பி.எஃப். எண் 30க்கும் 50க்கும் உள்ள வேறுபாட்டைவிட, போதிய அளவு பூசுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் நீரைவிட்டு வந்ததும் மீண்டும் பூசுவதும் முக்கியம். வெயில் புண்ணை உண்டாக்கும் புற ஊதா-பி கதிர்களில் எஸ்.பி.எஃப். 30 சுமார் 97 சதவீதத்தையும் எஸ்.பி.எஃப். 50 சுமார் 98 சதவீதத்தையும் தடுக்கின்றன, வேறுபாடு அவ்வளவே. துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு கொண்டவை மென்மையான தோலுக்கு ஏற்றவை. புதியதை வாங்கினால் புறப்படுவதற்குச் சில நாள் முன்பே முன்கையின் உட்புறத்தில் பூசிப் பார்த்துவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிழலும் உடையுமே முதன்மைக் காப்பு. பூச்சிவிரட்டியைச் சன்ஸ்கிரீன் பூசியபின் தனியாகப் பூச வேண்டும். இரண்டும் கலந்தவற்றை அடிக்கடி பூச முடியாது என்பதால் அவற்றால் பயன் குறைவு. டீட் என்ற வேதிப்பொருள் கொண்ட விரட்டியை இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பூசக் கூடாது.

முழுக்கை நீச்சல் சட்டையைப் பற்றி ஒரு முரண்பாடு உண்டு. வெயிலையும் ஜெல்லிமீனின் இழைகளையும் அது தடுக்கும். ஆனால் தளர்வான பருத்திச் சட்டை, கடல்குளியல் தடிப்பை உண்டாக்கும் இளவுயிரிகளைச் சல்லடையாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். நனைந்தால் வெயிலையும் சரிவரத் தடுக்காது. வெயில் தினமும் உண்டு, இளவுயிரிகள் சில பருவங்களில் மட்டுமே உண்டு. ஆகவே உடலோடு ஒட்டிய, நீச்சலுக்கென்றே தைத்த சட்டையை அணிவித்து, கரையேறியதும் கழற்றிவிடுவதே சரியான வழி என்று கருதுகிறேன். மணலில் நடக்கச் செருப்பும், உட்காரத் துண்டும் போதும். ஈர மணலைவிட நிழலில் உள்ள உலர்ந்த மணலிலேயே விலங்குகளின் கழிவு அதிகம் என்பதால், அலை அடித்துப் போகும் பகுதி விளையாட ஏற்றது.

ஏழாம் படி: வீடு திரும்பிய பின்னும் கவனியுங்கள்

கொக்கிப்புழுவின் கோடு திரும்பி வந்து சில வாரம் கழித்துக்கூடத் தோன்றலாம். கருநிறப் பச்சையின் ஒவ்வாமையும் சொறிந்த புண்ணின் தொற்றும் தாமதமாகவே வரும். அப்போது மருத்துவரிடம் செல்லும்போது, எந்தக் கரைக்குச் சென்றோம், குழந்தை வெறுங்காலோடு நடந்ததா, எந்தெந்த நீரில் குளித்தது என்பதை அவர் கேட்பதற்கு முன்பே சொல்லி, எடுத்துவைத்த புகைப்படங்களையும் காட்ட வேண்டும். இரண்டு வாரம் முன்பு சென்ற பயணத்துக்கும் இன்றைய அரிப்புக்கும் உள்ள தொடர்பு அவருக்குத் தானாகத் தெரிய வழியில்லை. தடிப்பு ஆறிய இடத்தில் தங்கும் கருமையோ வெளிறலோ, முக்கியமாக மாநிறத் தோலில், மாதக்கணக்கில் நீடிப்பது இயல்பு. அதற்கு மாய்ஸ்சரைசரும் வெயில் காப்பும் போதும். நிறத்தை வெளுக்கச் செய்யும் களிம்புகளைக் குழந்தையின் தோலில் பூசக் கூடாது.